பத்துக் கட்டத்தில் பதினோராவது ஆள்

கல்யாண வீடியோவில் வந்தவர் யாரையும் விடக்கூடாது என்பது கத்தரியின் தொழில் தர்மம். தர்மம் என்று பெரிதாகச் சொல்கிறோமே தவிர, அது அவமானத்தில் பிறந்தது. பதினோரு வருடங்களுக்கு முன், கை பழகாத காலத்தில், ஒரு கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பாவை விட்டுவிட்டாள். மனிதர் மூன்று மணி நேரம் முன்வரிசையில் உட்கார்ந்து, கேமரா தன் பக்கம் திரும்பும்போதெல்லாம் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்திருந்தார். படம் வந்தது, வயிறும் இல்லை, பெரியப்பாவும் இல்லை. மறுநாள் அந்த வீட்டிலிருந்து ஒன்பது பேர் அவளுடைய மாடி அறைக்கு ஏறி வந்து உட்கார்ந்தார்கள். ஒருவரும் திட்டவில்லை. பெரியப்பா மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு, “நான் வந்ததே யாருக்கும் தெரியலைன்னா, வராமலே இருந்திருக்கலாம்” என்றார். திட்டியிருந்தால் அன்று மாலையே மறந்திருப்பாள்.

அன்றிலிருந்து, எடிட்டிங்கில் உட்காரும் முன் எடுத்ததையெல்லாம் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, நோட்டில் தலைகளை எழுதிக்கொள்வாள். நீலச்சட்டை மாமா, எடுப்புப் பல் அத்தை, நாற்காலி தேடும் தாத்தா. ஆளுக்குக் குறைந்தது மூன்று விநாடி. அழைத்து வந்தவரா, அழைக்காமல் வந்தவரா என்பது அவள் வியாபாரம் இல்லை. வந்தார், உட்கார்ந்தார், படத்தில் இருப்பார். வெட்டுகிற தொழிலில் இருந்துகொண்டு யாரையும் வெட்டாததால்தான் தெருவே அவளைக் கத்தரி என்று கூப்பிட்டது. கிண்டல் நாளடைவில் பெயராகிவிட்டது.

இந்தப் பதினோரு வருடத்தில் அவள் செய்த படங்கள் நானூறுக்கு மேல். எல்லாவற்றிலும் பொன்னெழுத்தில் பெண்ணின் பெயர், மாப்பிள்ளையின் பெயர், இரண்டு பக்கத்துப் பெற்றோர் பெயர், சில வீட்டில் நாயின் பெயர். அவள் பெயர் ஒன்றிலும் இல்லை. ஒரே ஒரு நிஜப் படத்தில் ‘படத்தொகுப்பு’ என்று போட்டு அதன் கீழே தன் பெயரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருந்தது. வெளியே சொன்னதில்லை. அதனால் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் படம் அவள் கொழுந்தன் வடிவில் வந்தது. புருஷனுடைய தம்பி, நாலு குறும்படம் எடுத்தவன், ஐந்தாவதாக முழுப்படம் எடுத்திருந்தான். பேய்ப்படம். ஆனால் பாழடைந்த பங்களா இல்லை, காடு இல்லை, சினிமா கேமராகூட இல்லை. ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரு கம்ப்யூட்டர் திரையில்தான் கதை நடக்கும். பத்து நண்பர்கள் அவரவர் அறையில் இருந்தபடி வீடியோ காலில் சேருகிறார்கள். திரையில் பத்துக் கட்டம், பத்து முகம். வாடகை மிச்சம், சாப்பாட்டுச் செலவு மிச்சம். நடிகர்களின் லைட் பில் அவர்கள் தலையில்.

கதை ஜப்பானியர்களின் பழைய விளையாட்டு ஒன்றிலிருந்து எடுத்தது என்று கொழுந்தன் சொன்னான். அங்கே அந்தக் காலத்தில் நீலக் காகிதம் ஒட்டிய விளக்கில் நூறு திரி ஏற்றி, சுற்றி உட்கார்ந்து பேய்க்கதை சொல்வார்களாம். ஒரு கதை முடிந்தால் ஒரு திரியை அணைக்க வேண்டும். நூறாவது திரி அணைந்ததும் நீல வெளிச்சத்தில் ஒரு பெண் வந்து நிற்பாளாம். விவரமானவர்கள் தொண்ணூற்று ஒன்பதோடு எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்களாம். கொழுந்தன் படத்தில் திரிக்குப் பதில் கேமரா. கதை சொன்னவர் கேமராவை அணைப்பார், அவர் கட்டம் கருப்பாகும். பத்தும் கருப்பானால் அவள் வருவாள்.

வருகிறவளைக் கிராஃபிக்ஸ் நண்பன் ஒருவன் செய்து கொடுத்திருந்தான். ஈர முடி முகத்தை மறைக்க, தலையைத் தொங்கப் போட்டு நின்றது. தரை துடைக்கும் மாப்பைத் தலைகீழாக நிறுத்தினால் எப்படி இருக்குமோ அப்படி. கத்தரி வாயைத் திறக்கவில்லை. முதல் வாய்ப்பில் சரக்கைக் குறை சொல்லக்கூடாது என்று தெரிகிற அளவுக்கு அவள் சந்தைக்கடையில் வளர்ந்தவள்தான். அவள் அப்பா துண்டுத்துணி வியாபாரி.

கொழுந்தனுக்கு அவளிடம் கொடுக்க மனமில்லை. அவன் கேட்டது பெரிய எடிட்டர் ஒருவரை. அவருக்குத் தேதி இல்லை. அண்ணன் ஒரு வார்த்தை சொன்னான், அம்மா ஒன்பது வார்த்தை சொன்னாள், ஹார்ட் டிஸ்க் மாடிக்கு வந்தது. நிபந்தனையும் கூடவே வந்தது. புதன்கிழமை பார்ப்பான். பிடிக்கவில்லையென்றால் டிஸ்க்கைப் பெரிய எடிட்டரிடம் கொண்டுபோய்க் காலில் விழுந்தாவது முடிப்பான். ஏனென்றால் வெள்ளிக்கிழமை, படங்களை வாங்கி இணையத்தில் ஓட்டும் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா பார்க்கப் போகிறார்.

“கல்யாண வீடியோ மாதிரி இருக்கக்கூடாது அண்ணி. அது ஒண்ணுதான் என் பயம்” என்றான்.

“பயம் இருந்தா நல்லதுதான் தம்பி. பேய்ப்படம்தானே” என்றாள்.

கத்தரி வழக்கம்போல நோட்டை எடுத்துத் தலைகளை எழுதினாள். பேக்கரிக்காரர், நீச்சல் மாஸ்டர், இரட்டையரில் மூத்தவள், காது குத்திய வக்கீல் என்று போய், பத்தாவது கட்டத்தில் அவள் புருஷனே இருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். கதை சொல்ல அழகான குரல், நடிக்கத்தான் வராது. அதற்குப் பிறகு பதினோராவதாக ஒரு பெண்மணி. வயது நாற்பதும் சொல்லலாம், அறுபதும் சொல்லலாம். நீலமாக வெளிச்சம் விழுந்த வெற்றுச் சுவருக்கு முன்னால், தலையைப் படிய வாரி, கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பேசவே இல்லை. ‘நீலச்சுவர் அம்மா’ என்று எழுதிக்கொண்டாள். தயாரிப்பாளர் வீட்டு ஆளாக இருக்கும். சொந்தக்காரர் ஒருவரையாவது உள்ளே திணிக்காமல் யார் படம் எடுத்திருக்கிறார்கள்?

பத்து முகம் என்று சொல்லிப் பதினொன்று இருந்ததை அவள் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. நூறு பேர் என்று சொல்லி முந்நூறு பேர் வருகிற இடத்தில் தொழில் பழகியவள்.

வேலையில் இறங்கியதும் ஒரு சங்கடம் தெரிந்தது. வீடியோ காலில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஒருவர் உயிரைக் கொடுத்துக் கதை சொல்ல, மற்றவர்கள் திரையில் தெரியும் தங்கள் முகத்தையே பார்க்கிறார்கள். வக்கீல் முடியைச் சரிசெய்கிறான். நீச்சல் மாஸ்டர் தாடையைத் தூக்குகிறார். கதைக்குப் பயப்படுகிற ஒரு முகம் வேண்டுமென்றால் கிடைக்கவில்லை. அந்த நீலச்சுவர் அம்மா ஒருவர்தான் கதை சொல்பவரைப் பார்த்தார். கேட்டார் என்றால் அப்படிக் கேட்டார். நல்ல இடத்தில் கழுத்து லேசாக முன்னால் வந்தது. பேக்கரிக்காரர் கதையில் கிணற்றுக்குள்ளிருந்து குரல் வரும் இடத்தில் மூச்சை நிறுத்தியது கூடத் தெரிந்தது. கத்தரிக்குக் கை நிற்கவில்லை. மூன்று விநாடி கொடுக்க வேண்டியவருக்குப் பதினான்கு இடம் கொடுத்தாள். படம் உயிர் பெற்றுவிட்டது.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்குக் கொழுந்தனும் புருஷனும் மாடிக்கு வந்து உட்கார்ந்தார்கள். வெளியே நல்ல வெயில். கீழே அவள் தங்கை நடத்தும் பட்டன் கடையில் யாரோ ஒரு டஜன் ஊக்குக்கு நியாயம் பேசிக்கொண்டிருந்தார்கள். இருபது நிமிடத்தில் கொழுந்தன் காலை நாற்காலிக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டான். ஒரு மணி நேரத்தில் அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டான். தான் எடுத்த படத்துக்குத் தானே பயந்தவனைப் பார்க்கக் கத்தரிக்குப் பெருமையாக இருந்தது. கடைசி ஒரு நிமிடம் மிச்சம் இருக்கும்போதே அவன் படத்தை நிறுத்தினான்.

“பிரமாதம் அண்ணி. அந்தம்மா யாரு? எங்க புடிச்சீங்க?”

“நான் எங்க புடிச்சேன்? உங்க பக்கத்து ஆளுன்னுல்ல நினைச்சேன்.”

“நான் உங்க பக்கத்து ஆளுன்னு நினைச்சேன்.”

கல்யாணத்தில் அழையாமல் வந்து சாப்பிட்டுப் போகிறவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பது அந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது. பெண் வீடு மாப்பிள்ளை வீடு என்று நினைக்கும். மாப்பிள்ளை வீடு பெண் வீடு என்று நினைக்கும். ஆனால் இங்கே மூன்றாவது வீடு ஒன்று இருந்தது. டிஸ்க்கில் மூலப் பதிவைத் திறந்து பார்த்தார்கள். பத்துக் கட்டம். கத்தரி பதினோரு தலை எழுதிக்கொண்ட அதே பதிவு; எண்ணிப் பார்த்தார்கள், பத்துதான். அவள் தொகுத்ததைத் திறந்தார்கள், பதினொன்று. கொழுந்தன் அந்த அம்மா இருந்த ஒரு துண்டை அழித்தான். ஓட்டினால் அதே இடத்தில், அதே மாதிரி கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

பார்க்காமல் விட்ட கடைசி நிமிடத்தை ஓட்டினார்கள். புருஷன் கதை முடிந்து, பத்தாவது கட்டம் கருப்பானது. மாப் வர வேண்டிய இடத்தில் அந்த ஒரே நீலக் கட்டம் பெரிதானது. அந்த அம்மா எழுந்தார். திரையை நோக்கி நடந்து வந்தார். முகம் பாதித் திரையை நிறைத்தபோது கொழுந்தன் பிளக்கைப் பிடுங்கினான்.

மூச்சு வாங்கியதும் அவன் சொன்னதில் பாதி வேண்டுதல், பாதி முடிவு. மூலப் பதிவு சுத்தமாக இருக்கிறது. இந்தத் தொகுப்பை அப்படியே விட்டுவிட்டு டிஸ்க்கைப் பெரிய எடிட்டரிடம் கொடுத்துவிடலாம். மாப்பே போதும்.

கத்தரி டிஸ்க்கின் மேல் கையை வைத்தாள். நாற்பது வயதுக்கு மேல் இன்னொரு படம் எந்தக் கொழுந்தன் கொண்டுவருவான்?

“சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் விடுங்க தம்பி. அதுக்குள்ள சரி பண்ணலைன்னா நானே கொண்டு வந்து குடுக்கிறேன்.”

அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ஆறு மணி என்றால் ஆறு மணிதான் என்றார். வீட்டில் அவர் தீர்ப்புச் சொல்வது வருடத்துக்கு ஒருமுறை, அதனால் செல்லுபடியாகும்.

அவர்கள் போனதும் கத்தரி கீழே இறங்கித் தங்கையிடம் விஷயத்தைச் சொன்னாள். தங்கை ஊக்கு அட்டையை எண்ணுவதை நிறுத்தாமல் கேட்டுவிட்டு, பக்கத்துக் கடைக்காரரிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, இரண்டு தம்ளர் டீயோடு மேலே வந்தாள். பேயைப் பார்க்க டீயோடு வந்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

கடைசி நிமிடத்தை ஓட்டினார்கள். கட்டம் கருப்பானது, அந்த அம்மா எழுந்து வந்தார். கத்தரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். தங்கை முன்னுக்கு இழுத்தாள்.

“அக்கா, இவங்க பயமுறுத்த வரலைக்கா. புருவத்தைப் பாரு. நான் ஷட்டரைப் பாதி இறக்குறப்போ ஓடி வருவாங்களே, அவங்க மூஞ்சி இது.”

கத்தரி மறுபடி பார்த்தாள். ஆமாம். கடை மூடிவிட்டதா என்று கேட்கிற முகம்தான். ஒரு தடவை பிடிபட்ட பிறகு வேறு எதுவாகவும் அது தெரியவில்லை. விளையாட்டின் விதியே அப்படித்தானே இருந்தது. நூறு கதையும் தீர்ந்து, கடைசித் திரியும் அணைந்த பிறகுதான் அந்த நீல வெளிச்சப் பெண்ணைக் கூப்பிடுவார்கள். எத்தனையோ நூறு வருடமாக அவள் வந்து நிற்கும்போதெல்லாம் கதை முடிந்து, ஆட்கள் அலறிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். ஒரு கதை கூடக் காதில் விழுந்திருக்காது. வீடியோ காலில்தான் முதல்முறையாக முன்னாடியே வந்து, மியூட் போட்டுக்கொண்டு, ஓரமாக உட்கார முடிந்திருக்கிறது.

வேண்டியது என்ன என்று தெரிந்துவிட்டால் மீதி பேரம்தான். அதில் அக்கா தங்கை இருவரையும் தோற்கடிக்க அந்தச் சந்தையில் ஆள் கிடையாது.

கத்தரி தொண்டையைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்து, அந்தக் கடைசி இருட்டையே எடுத்துவிடுகிறேன் என்றாள். பத்தாவது கட்டம் அணையாது. அவள் புருஷன் கதை பாதியில் இருக்கும்போதே படம் முடியும். ஒரு விளக்கு எப்போதும் எரியும். சொன்னபடி வெட்டி, ஓட்டிப் பார்த்தாள். அந்த அம்மா எழுந்தார், பாதி வழியில் நின்றார். உட்காரவும் இல்லை, வரவும் இல்லை. பொருள் பிடித்திருக்கிறது, விலைதான் இழுக்கிறது.

பதினான்கு இடமும் அப்படியே இருக்கும், ஒன்றைக்கூடக் குறைக்கமாட்டேன் என்றாள். மறுபடி ஓட்டினாள். இந்த முறை அந்த அம்மா திரும்பி, கட்டத்தை விட்டே வெளியே போய்விட்டார். வெறும் நீலச் சுவர்.

அந்த முகம் போனால் படம் போச்சு, படம் போனால் பெயர் போச்சு. கூப்பிட வாயெடுத்த கத்தரியின் தொடையில் தங்கை கிள்ளினாள்.

“வாயைத் தொறக்காத. வாசல் வரைக்கும் போவாங்க, திரும்புவாங்க. டீயைக் குடி.”

டீயைக் குடித்தார்கள். தங்கை வேண்டுமென்றே பட்டன் விலையைப் பற்றிப் பேசினாள். தம்ளர் காலியாகும் நேரத்தில் நீலச் சுவரின் ஓரத்தில் முதலில் ஒரு தோள் தெரிந்தது. பிறகு அந்த அம்மா வந்து, ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்தார்.

அப்போதுதான் கத்தரிக்குப் பெரியப்பா ஞாபகம் வந்தது. “பேர் போடறேன்மா” என்றாள். “படம் முடிஞ்சதும் என் பேருக்குக் கீழேயே. நீங்க வந்தது எல்லாருக்கும் தெரியும்.”

படிய வாரிய தலை ஒரு நூலளவு சாய்ந்தது.

கத்தரி தன் நிபந்தனைகளையும் வைத்தாள். அவரவர் கட்டத்தில் அவரவர் இருக்க வேண்டும். திரையை விட்டு வெளியே வருகிற பேச்சே கிடையாது. தன் புருஷனை முறைக்கக்கூடாது. அவர் ஏற்கெனவே தூக்கம் கெட்டவர். மீண்டும் ஒரு நூலளவு. பேரம் படிந்தது. வழக்கம்போல இதையும் உறுதிசெய்ய அவள் கடைசியாக ஒருமுறை ஓட்டினாள்.

புருஷன் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்பது கட்டம் கருப்பு. அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, படம் முழுக்க ஒருமுறைகூடச் செய்யாததைச் செய்தார். கதை சொல்பவரிடமிருந்து பார்வையை மெதுவாக எடுத்து, நேராகத் திரைக்கு வெளியே பார்த்தார். அடுத்தது உன் முறை என்று சொல்கிற பார்வை. மெல்லிய சிரிப்பும் இருந்தது.

அக்காவும் தங்கையும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

“இது நாம கேக்கவே இல்லையே” என்றாள் கத்தரி.

“கொசுறு” என்றாள் தங்கை. “நல்ல இடத்துலதான் வியாபாரம் பண்ணியிருக்க.”

ஆறு மணிக்குக் கொழுந்தன் வந்து பார்த்தான். கடைசிப் பார்வையில் அவன் தலை தன்னால் பின்னுக்குப் போய்ச் சுவரில் இடித்தது. இடித்த இடத்தைத் தேய்த்துக்கொண்டான். பிறகு, மாப் செய்த நண்பனிடம் தானே பேசிக்கொள்வதாகவும், டிஸ்க் இங்கேயே இருக்கட்டும் என்றும் சொன்னான். அந்த அம்மா இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டான். இயக்குநரிடமிருந்து நடிகைக்குக் கிடைக்கிற மரியாதையை விட அது கொஞ்சம் அதிகம்.

வெள்ளிக்கிழமை பகலில், படம் வாங்கும் அம்மா வீடியோ காலில் சேர்ந்தார். வேறு ஊரில், தன் அலுவலகத்தில் உட்கார்ந்து, இங்கிருந்து ஓட்டியதைப் பார்த்தார். வருடத்துக்கு முந்நூறு படம் பார்த்துச் சலித்த முகம். முதல் கதையில் போனை நோண்டினார். மூன்றாவது கதையில் போனைக் கவிழ்த்து வைத்தார். ஏழாவதில் யாரோ அறைக்கதவைத் தட்ட, துள்ளி எழுந்தார். படம் முடிந்தது. பெயர்கள் ஓடின. ‘படத்தொகுப்பு’ என்பதன் கீழே கத்தரியின் முழுப்பெயர், பள்ளிச் சான்றிதழில் இருப்பது, வெள்ளை எழுத்தில் நான்கு விநாடி நின்றது. மூன்று போதும்; ஒன்று அவளே கூட்டிக்கொண்டது. அதன் கீழே, ‘கேட்டவர்: நீலச்சுவர் அம்மா.’

வாங்கும் அம்மா படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், தான் சின்ன வயதில் விடுதியில் இருந்தபோது பக்கத்துக் கட்டிலில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். கால் மணி நேரம் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுத்தான், படத்தை எடுத்துக்கொள்கிறோம் என்றார். ஒரு காட்சியிலும் கை வைக்க வேண்டாம் என்றார்.

“அந்த நடிகையம்மாவும் லைன்ல இருக்காங்க போல. ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்கம்மா. அடுத்த படத்துக்கும் இவங்களையே போடுங்க தம்பி.”

கொழுந்தன் முகம் வெளுத்தது. கத்தரி தலைகளை எண்ணினாள். வாங்கும் அம்மா, கொழுந்தன், கடையிலிருந்து சேர்ந்திருந்த புருஷன், அவள். நாலு பேர். கட்டம் ஐந்து.

“அவங்க அண்ணி பக்கத்து ஆளுங்க” என்று கொழுந்தன் சொன்னான். அந்தக் குடும்பத்தில் அவளுக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது.

வாங்கும் அம்மா விடைபெற்றார், அவர் கட்டம் மறைந்தது. கொழுந்தன் அதைவிட வேகமாக மறைந்தான். புருஷன் மட்டும் கொஞ்ச நேரம் இருந்து, உன் பேரைப் பெரிசா போட்டிருக்கலாம், என் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியவில்லை என்றார். பிறகு வாடிக்கையாளர் வந்துவிட்டதாகச் சொல்லிப் போனார்.

இரண்டு கட்டம் மிச்சம். ஒன்றில் கத்தரி, பின்னால் வெயில் விழுந்த அவள் மாடி அறை. இன்னொன்றில் நீலச்சுவர். வீடியோ காலை முடிக்கும் சிவப்புப் பொத்தானுக்குப் போன விரலை அவள் எடுத்துக்கொண்டாள். ஒரு விளக்கு எப்போதும் எரியும் என்று சொன்னது அவள்தானே. எதிர்க் கட்டத்தில் அந்த அம்மா கையை மடியில் வைத்து, கழுத்தை லேசாக முன்னால் நீட்டினார்.

கத்தரி நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தாள்.

“பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கல்யாணம்மா” என்று ஆரம்பித்தாள். “மாப்பிள்ளைக்கு ஒரு பெரியப்பா இருந்தாரு...”